இறங்குதுறைக் கேமரா

செல்வக்குமார் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். பால் பாக்கெட்டை வெட்டி ஒரு டம்ளருக்கு மட்டும் காய்ச்சினான். அரைக் குடத் தண்ணீரில் குளித்தான். நேற்றுத் துவைத்த சட்டையை உதறி மாட்டினான். ரசம் சோறு கட்டினான். அறையைக் கூட்டி, பினாயில் ஊற்றித் துடைத்தான். துடைத்த பிறகும் பாசி வாசனை போகவில்லை.

ஆடி மாதம். பழங்காநத்தத்தில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து பல நாள் ஆகியிருந்தது. அந்த மாடி அறையில் ஈரம் என்று ஒன்று இருந்தால் அது அவனுடைய துண்டும் தரை துடைத்த துணியும்தான். வாசனையோ கண்மாய் வாசனை. அவன் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவன் மனைவி தமிழ்வாணி போன ஐப்பசி மழையில் இறந்தாள். செல்லூரில் அம்மா வீட்டுக்கு என்று புறப்பட்டவளை மறுநாள் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயிலிருந்து எடுத்தார்கள். மஞ்சள் சுடிதார். திருச்சி ரோட்டில் அவ்வளவு தூரம் எதற்குப் போனாள், யாரோடு போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கால் வழுக்கி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். “அங்கிட்டு அவளுக்கு என்னய்யா சோலி?” என்று அவள் அம்மா பதினாறாம் நாள் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அலுவலகம் பைபாஸ் ரோட்டில் மூன்றாவது மாடி. கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் விற்கிற ஒரு இணையதளத்துக்கு இங்கிருந்துதான் போன் எடுப்பார்கள். ஆடிக் காற்று அந்தக் கடலிலும் உண்டு. காற்று ஏறினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். உடனே இங்கே மணி அடிக்கும். பாரோஸில் நிற்கிறேன், நாக்ஸோஸ் போகிற கப்பல் வருமா, வராதா? அதற்காகவே ஒவ்வொரு தீவின் துறைமுகக் கேமராவையும் இரண்டாவது திரையில் நேரலையாகத் திறந்து வைத்திருப்பார்கள். கப்பல் வருவதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

இடப்பக்க நாற்காலி ராஜபாண்டியுடையது. கல்லூரியிலிருந்து கூட இருப்பவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். தமிழ்வாணியின் பாடைக்கு முதல் தோள் கொடுத்தவன்.

“வைகையில கணுக்கால் தண்ணி பாத்து வருசமாச்சு மாப்ள. நம்ம என்னடான்னா இம்புட்டுப் பேரக் கப்பலேத்திக் கரை சேக்குறோம். புண்ணியம்டா.”

“புண்ணியம் இருக்கட்டும்ணே,” என்றாள் பின்வரிசை முத்துமீனா. “உங்க லைன்ல ஒரு அம்மா அப்பப் புடிச்சு வஞ்சுக்கிட்டு இருக்கு. மொதல்ல அத எடுங்க.”

திங்கட்கிழமைதான் அது தொடங்கியது. சாந்தோரினியில் வெள்ளைக் கப்பல் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி நின்று, இரும்புப் பலகையை மெதுவாக இறக்கியது. கார்களும் லாரிகளும், சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு தொப்பி போட்டவர்களும் வெயிலுக்குள் கொட்டியது போல வந்து கலைந்தார்கள். எல்லோரும் போன பிறகு, பலகையின் இருட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சள் சுடிதாரில் ஒருத்தி இறங்கி வந்து, அந்தக் காய்ந்த சிமென்ட் தரையில் தன்னைச் சுற்றி மட்டும் ஈரம் பரவ நின்றாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். படம் ஒருமுறை உறைந்து மீண்டபோது இல்லை.

செவ்வாய், நாக்ஸோஸ். புதன், பாரோஸ். ஒவ்வொரு நாளும் கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில். அந்தக் கேமராக்களுக்கு ஒலி கிடையாது. ஆனாலும் கூந்தலிலிருந்து நீர் சொட்டும் சத்தம் ஏசி இரைச்சலுக்கு அடியில் அவனுக்குக் கேட்டது. கப்பலின் வழி அவனுக்கு மனப்பாடம். பாரோஸுக்கு அடுத்து பிரேயஸ். அது தீவல்ல, பெருநிலத்துக் கரை. தீவுகள் அங்கே முடிந்துவிடும்.

வருகிறாள். தன்னிடம்தான். வேறு யாரிடம் வருவாள்?

பயம் இருந்தது. அதற்கு அடியில், ஒன்பது மாதமாக இல்லாத ஏதோ ஒன்று அசைந்தது. புதன் இரவு அவன் முகம் மழித்துக்கொண்டான். வந்தால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம். யாரோடு போனாய்? அவள் வாயால் ஒரு பதில். அது போதும்.

ஒன்றுதான் இடறியது. அவள் கண்கள் அவன் கண்களில் படவே இல்லை. சற்று விலகி, பக்கவாட்டில் நிலைத்திருந்தன. அவன் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான். பொருந்தவில்லை.

வியாழன். பிரேயஸ். கப்பல் இன்னும் வரவில்லை. அவள் ஏற்கெனவே துறையில் நின்றாள்.

“மாப்ள, இங்க பாரு. அங்கன ஒரு பொம்பள நிக்கிறது தெரியுதா?”

ராஜபாண்டி திரும்பவில்லை. நான்கு நாளாக அவன் துறைமுகத் திரையை அணைத்தே வைத்திருப்பதை செல்வக்குமார் அப்போதுதான் கவனித்தான்.

“ஒருக்கா பாருடா.”

பார்த்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கைக்குள் இறுக்கினான்.

“வாணி இல்லடா அது,” என்றான்.

எங்கோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது.

ராஜபாண்டி அவளைத் தங்கச்சி என்றுதான் சொல்வான். கல்யாணத்தன்று சொன்னான். இழவு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு, “தங்கச்சி போயிருச்சே” என்றுதான் அழுதான். வாணி என்பது கதவைச் சாத்திய பிறகு செல்வக்குமார் கூப்பிட்ட பெயர். அவள் அம்மாவுக்கே தெரியாது.

“நீ எப்படா அவளை வாணின்னு...”

ராஜபாண்டி அவசரமாக ஹெட்போனை மாட்டி அழைப்பை எடுத்தான். ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னான்.

திரையில் கப்பல் வந்தது. பலகை இறங்கியது. சங்கிலி உராயும் ஓசை. இல்லாத ஓசை. கூட்டம் இறங்கி, அவளைச் சுற்றிப் பிரிந்து போனது. அவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை. கேமராவை அல்ல. செல்வக்குமாரையும் அல்ல.

அவனுடைய இடப்பக்கத்தை.

நான்கு நாளாக.

நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அவன் தேடிய பார்வை. முகம் மழித்துக்கொண்டு காத்திருந்த பார்வை. அது அவனுக்கு இல்லை. செத்த பிறகும் இல்லை.

பலகையின் இருட்டிலிருந்து கடைசியாக ஒருவன் வந்தான். நீலச் சட்டை. கழுத்தில் அட்டை. காதில் ஹெட்போன், அதன் வயர் காலுக்குக் கீழே இழுபட. ராஜபாண்டி. வரமாட்டேன் என்பது போல உடம்பைப் பின்னால் சாய்த்தபடி வந்தான். அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்தாள். துறையின் விளிம்புக்கு நடத்திப் போனாள்.

படிக்கட்டு இல்லாத விளிம்பு.

இருவரும் போனார்கள். நீர் மூடியது.

பக்கத்தில் ஒரு சத்தம். குடம் நிறைகிற சத்தம்.

செல்வக்குமார் மெதுவாகத் திரும்பினான். ராஜபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. வாயும். வாய் நிறையத் தண்ணீர். கலங்கிய, செம்மண் நிறத் தண்ணீர். அது தளும்பி மோவாயில் வழிந்தது. நாக்கின் மேல் பச்சையாக ஒரு பாசி இழை அசைந்தது. மேசை காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. விரல்கள் மட்டும் செல்வக்குமாரின் பக்கம் நீண்டு, காற்றைப் பிடித்து, விட்டு, பிடித்து. ஹெட்போனில் யாரோ ஒரு பெண் பொறுமையாக ஹலோ, ஹலோ என்றாள்.

கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். அவன் நீட்டவில்லை.

அன்று கண்மாய்க் கரையில் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று. போயிட்டு வாரேன் என்று சொன்னாள் என்றான். அது படியிறங்கும்போது சொன்னது. பிறகு குடையை எடுக்கத் திரும்பி ஏறி வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல், சாதாரணமாகக் கேட்டாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை.

“ஏங்க, ராஜபாண்டி அண்ணனுக்கு நீச்சல் தெரியுமா?”