அட்டை மூடிய கிளாஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சரியான வரிசையில்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. மழை நின்ற பிறகு மெரியல் அந்த நுரையைக் கவனித்தாளா, அல்லது கவனித்த பிறகு மழை நின்றதா? அவள் என்னிடம் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது 'மூன்று கொக்கு' பப்பின் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் நடந்ததில் பாதி அவள் சொன்னது, மீதி நான் கதவிடுக்கில் பார்த்தது. நுரையைப் பற்றி மட்டும் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மெரியலும் கணவன் கிளைவும் பிரிஸ்டலிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வசந்தத்தில் கிளைவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் நகரத்தை விட்டு வெளியே வந்தது அன்றுதான். அந்த எட்டு மாதங்களில் அவள் கேட்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டிருந்தாள். அவன் மாடிப்படி ஏறும் சத்தம், குளியலறைத் தாழ்ப்பாள், தூக்கத்தில் மூச்சு ஒரு கணம் தயங்கிப் பிறகு தொடர்வது, எல்லாவற்றையும் கேட்டாள். அவன் பார்வையை விட்டு அகன்றால் திரும்பி வரும்வரை அவளுக்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும்.

நானூறு வருடத்துக் கூடம் அது. உத்தரங்கள் குனிய வைக்கும் உயரத்தில் இருக்கும். கணப்பில் ஆப்பிள் கட்டை எரிந்தது. அதன் பக்கத்து மூலையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னே சிறு மேசையில் ஒரு கிளாஸ் பீர், நிறைய, வாய்மேல், வழக்கமாகக் கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையைப் போட்டு மூடியபடி இருந்தது.

அதில் விசித்திரம் எதுவும் இல்லை. கிளாஸின் மேல் அட்டை இருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறார், திரும்பி வருவார், நாற்காலியை எடுக்காதே, கிளாஸைத் தொடாதே என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தலைகால் புரியாமல் குடித்தவன்கூட அதை மதிப்பான்.

ஆனால் சூப் வந்தபோது அந்த பீரின்மேல் இரண்டு விரல் கனத்துக்கு நுரை இருந்தது. மாட்டிறைச்சியும் வறுத்த கிழங்குகளும் வந்து, தட்டில் குழம்பு ஆடை கட்டிய பிறகும் அதே இரண்டு விரல். ஒரு குமிழ்கூட உடையவில்லை. கணப்பின் பக்கம் திரும்பும்போதெல்லாம் கட்டைப் புகைக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. நனைந்த கம்பளி, ஆற்றுச் சேறு, நெடுநாள் மூடிக் கிடந்த ஒன்றைத் திறந்ததுபோல.

தட்டெடுக்க வந்த பப் முதலாளி லவ்டேயிடம் அந்தக் கிளாஸ் யாருடையது என்று மெரியல் கேட்டாள். லவ்டேக்கு எழுபது நெருங்கியிருந்தது. அப்பா நடத்திய பப்பை அவள் நடத்திவந்தாள்.

"ஆம்புரோஸோடது கண்ணு. மதகைப் பார்த்துட்டு வரப் போயிருக்கார்."

"எப்பப் போனார்?"

லவ்டே மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கவுன்டரில் சாய்ந்திருந்த கிழவர் எல்லிஸ், தன் கிளாஸைப் பார்த்தபடியே, "அவர் எப்பவுமே கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பார்," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

ஜன்னல் வழியே எல்லிஸ்தான் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். வெள்ளம் வயலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது, கீழே நிற்கும் பச்சைக் கார் யாருடையதோ, இப்போதே தேவாலய மேட்டுக்கு ஏற்றினால் நல்லது என்றார். கிளைவ் எழுந்தான். மெரியலும் எழுந்தாள்.

"நீ எதுக்கு? எனக்குக் குடை பிடிக்கவா?"

"டாக்டர் உன்னை—"

"கார்தான் ஏறப் போகுது மெரி, நான் இல்ல. அஞ்சு நிமிஷம். புட்டிங் வந்தா என் பங்கைத் தொட்டுடாதே."

அவன் கிளாஸில் பாதி இருந்தது. அட்டை தேடினான். அவர்கள் மேசையில் இல்லை, அடுத்த மேசையிலும் இல்லை, எந்த மேசையிலும் இல்லை. மூடாமல் போக அவனுக்கு மனம் வரவில்லை. முப்பது வருடப் பழக்கம். நேரே மூலைக்குப் போனான். ஆம்புரோஸின் கிளாஸ்மேல் இருந்த அட்டையை இரண்டு விரலால் எடுத்தான். லவ்டேயைப் பார்த்து, அவருக்கு வேறு அட்டை ஒன்று கொடுத்துவிடுங்கள் என்றான். அதைத் தன் கிளாஸ்மேல் வைத்து, மெரியலைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வெளியே போனான்.

கதவு சாத்திக்கொண்டது.

லவ்டே வேறொன்று கொடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கவுன்டருக்குப் பின்னால் நின்றாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், விருந்தாளிக்குக் காத்திருப்பவள் மாதிரி.

மூலை கிளாஸில் நுரை இறங்கத் தொடங்கியது. யாரோ வெகுநாள் பிடித்துவைத்த மூச்சை விடுவதுபோன்ற ஒரு சத்தத்தோடு இறங்கியது. பீர் பழுப்பாகி, கலங்கி, பச்சையானது. மேலே பாசி மிதந்தது.

எல்லிஸ் தொப்பியைக் கழற்றினார்.

மெரியல் காரின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். என்ஜின் உறுமவில்லை. ஐந்து நிமிடம். பத்து. நான் குழாயை நிறுத்தினேன், ஏனென்று தெரியாது. சாக்கடையில் தண்ணீர் களகளத்தது. கடிகாரம் அடித்தது. பிறகு சரளைக்கற்களில் காலடி.

அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

கிளைவின் நடை அவளுக்குத் தெரியும். இடது கால் சற்று இழுக்கும். இது வேறு நடை. கனமானது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு பூட்ஸிலிருந்து தண்ணீர் பிதுங்கும் சத்தம்.

கதவு திறந்தது. குளிர். அந்த வாசனை.

யாரும் திரும்பவில்லை. அவளும் தலை தூக்கவில்லை. தரையில் நீண்ட நிழல் மூலைக்குப் போனது. பாசி மிதந்த கிளாஸின் முன்னே நின்றது. திரும்பியது. அவள் மேசைக்கு வந்தது. எதிர் நாற்காலி முனகியது.

சொட்டு. சொட்டு.

கைகளை மட்டும் பார்த்தாள். வெளுத்துச் சுருங்கியவை. நகங்களுக்குள் சேறு. ஒரு கை கிளைவின் கிளாஸ்மேல் இருந்த அட்டையை எடுத்தது. மற்றது கிளாஸை உயர்த்தியது. விழுங்கும் சத்தம்.

"ரொம்ப நேரமாக்கிட்டேனா கண்ணு?"

அவளிடம் கேட்கவில்லை. கவுன்டரைப் பார்த்துக் கேட்டது.

"பரவால்லப்பா," என்றாள் லவ்டே. "அறுபது வருஷம்தான்."

எல்லிஸின் குரல் மெரியலை நோக்கி உடைந்து வந்தது. "அம்மா, மூடு. மிச்சம் இருக்கறப்பவே மூடிடு."

மெரியல் பாய்ந்தாள். குளிர்ந்த விரல்களிலிருந்து கிளாஸைப் பறித்தாள். ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்குதான் மிச்சம். அட்டையை அதன்மேல் அழுத்தி, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, நாங்கள் விளக்கேற்றும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் யாரும் இல்லை.

பச்சைக் கார் மறுநாள் கிடைத்தது. கதவு திறந்திருந்தது, சாவி அதிலேயே தொங்கியது. கிளைவ் கிடைக்கவில்லை. அந்த வாரம் தண்ணீர் வடிந்தபோது மதகின் இரும்புச் சட்டத்துக்குள் எலும்புகள் கிடைத்தன, கம்பளிக் கோட்டோடு. லவ்டே தன் அப்பாவைத் தேவாலய மேட்டில் அடக்கம் செய்தாள். பப்பை விற்றுவிட்டு டெவனில் தங்கை வீட்டுக்குப் போனாள். நிம்மதியாக இருப்பதாக எழுதுகிறாள். எல்லிஸ் அதற்கடுத்த குளிர்காலத்தில் இறந்தார்.

பப்பை வாங்கியது மெரியல். மூலை மேசையில் அந்த ஒரு மடக்கு பீர், அட்டை மூடியபடி இருக்கிறது. பதினோரு வருடமாக நுரை இறங்கவில்லை. வெள்ளம் ஏறும் நாட்களில், மதியம் இரண்டு மணிவாக்கில், சரளைக்கற்களில் இடது காலை இழுத்து நடக்கும் சத்தம் கதவுவரை வந்து நிற்கும். அவள் கதவைத் திறந்து பார்ப்பாள். வாசல் கல்லில் ஈரம் மட்டும் இருக்கும்.

நான் இன்னும் தட்டு கழுவுகிறேன். சென்ற ஞாயிறு தண்ணீர் வயலைத் தாண்டியது. வெளியூர்க் கார்கள் மூன்று கீழே நின்றன. காலையிலேயே மெரியல் சமையலறைக்கு வந்து, அட்டைகள் ஈரமாகிவிட்டன, எல்லா மேசையிலிருந்தும் பொறுக்கி இழுப்பறையில் போட்டுவிடு என்றாள். குரல் மென்மையாக இருந்தது. கிளைவ் வந்த அன்று காலை லவ்டேயும் என்னிடம் இதையேதான் சொன்னாள்.

அட்டைகள் ஈரமாக இல்லை. அன்றும் இல்லை. இரண்டு முறையும் நான் பொறுக்கிப் போட்டேன்.