பத்தாவது குழாய்

“12.11.2024, செவ்வாய், மாலை 5.10. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பழைய குழாய்களைக் கழற்றுமுன் எண்ணி, ஒன்பது என்று எழுதினேன். பத்து இருக்கின்றன. ஒன்றை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. இனி இரண்டு முறை எண்ணவேண்டும்.”

நிஷாந்தினி பேனாவை மூடிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைப் பிக்கப்பின் மட்கார்டில் வைத்தாள். பதுளையில் மாலை வகுப்புக்குப் போய் மோட்டார் திருத்தும் வேலை படிக்கிறாள். செய்கிற வேலையைத் தேதி போட்டு எழுதவேண்டும், தவறை முதலில் எழுதவேண்டும் என்பது வகுப்பின் விதி. மற்றவர்கள் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். அவளுக்கு எழுதிய பிறகும் சந்தேகம் தீராது.

மடுல்சீமைக்கு மேலே, இப்போது யாரும் கொழுந்து நிறுக்க வராத பழைய மடுவத்துக்குள் வண்டி நின்றது. அண்ணன் புவனேந்திரன் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியது; அவளைவிடப் பத்தொன்பது வயது மூத்த வண்டி. போன வாரம் ஒரு வளைவில் பிரேக் கல்லாக இறுகிவிட்டது. எஞ்சின் இழுக்கிற காற்றின் பலத்தில்தான் இந்த வண்டியில் பிரேக் இலேசாக இறங்கும். அந்த இழுப்பைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. விடிந்தால் நிறைமாத அண்ணி பாக்கியலெட்சுமியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தப் பாதையில் இறங்கத் துணிகிற வேறு வண்டி பக்கத்தில் இல்லை.

ஒன்பது புதுக் குழாய்களையும் மாட்டி, எண் எழுதிய அட்டைத்துண்டை ஒவ்வொன்றிலும் நூலால் கட்டியிருந்தாள். பத்தாவது, பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயிலிருந்து கிளை பிரிந்து, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே போனது. ஓட்டையின் விளிம்பு எஞ்சின் பக்கமாகப் பிதுங்கியிருந்தது. உள்ளேயிருந்து குத்திய ஓட்டை.

அவள் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். குழாய் எதிலும் மாட்டாமல் இருக்கைக்கு அடியில் முடிந்தது. இழுத்து எடுத்தபோது காய்ந்த செம்மண் உதிர்ந்தது. நுனி நசுங்கி, மேலும் கீழும் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். எலி கடித்தது என்று எழுதினாள். அடிக்கோலை வைத்து அளந்தாள். எலிக்குப் பல் இவ்வளவு அகலம் இல்லை. எழுதியதை வெட்டினாள்.

புரியாத குழாயை எடுத்து எறியாதே, இருந்தபடியே புதிதை மாட்டிப் பார் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதே நீளத்துக்கு வெட்டி மாட்டினாள். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, இருக்கைக்கு அடியில் கையை விட்டு நுனியில் பெருவிரலை வைத்தாள்.

இழுத்தது.

வண்டிச் சாவி அவளுடைய பையில் இருந்தது. எஞ்சின் காலையிலிருந்து ஓடவில்லை.

பிறகு விட்டது. மறுபடி இழுத்தது. எஞ்சின் இழுக்கும்; ஒருநாளும் விடாது.

“என்னா மெக்கானிக்கம்மா!”

அவள் தலை இருக்கைத் தகரத்தில் இடித்தது. அண்ணன் அவளுக்குச் சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர், ஒரு கோப்பையில் கொண்டுவந்து நின்றான். “நாளைக்கு வண்டி எறங்குமா? இல்ல ஒங்க அண்ணிய கொழுந்துக் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டுப் போகவா?”

“அண்ணி ஏறுனா கூடைதான் ஒடையும்.”

“கேட்டா ஒன்னய ஒதைப்பா.” சிரிப்பு அவன் முகத்தில் நிற்கவில்லை. “டாக்டரம்மா சொன்னது ஞாவகம் இருக்குல்ல? புள்ளைக்குக் கொடி சுத்தியிருக்கு. எட்டு மணிக்குள்ள அங்க இருக்கணும்.”

“இருக்கலாம்ணே.” அவள் பெருவிரலைப் பாவாடையில் துடைத்தாள். “இந்த வண்டி முந்தி எங்க கெடந்துச்சு?”

“லுணுகலைக்கு அங்கிட்டு. மேடு சரிஞ்சு மண்ணு மூடிக்கிச்சாம். பதினோராம் நாளுதான் தோண்டி எடுத்தாங்களாம்.”

“உள்ள யாராச்சும்…”

“யாரும் இல்லன்னு வித்த ஆளு சொன்னாரு.” அவள் குடித்து முடித்த கோப்பையை அவன் வாங்கிக்கொண்டான். “நான் கேக்காமலே சொன்னாரு.”

அவன் லயத்து வீட்டுக்குப் போனபின் மடுவத்தின் தகரக் கூரையில் மழைத்தூறல் மணல் கொட்டுவதுபோல விழுந்தது. தேயிலை மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் கதவில்லாத வாசல் வழியாக உள்ளே வந்து சக்கரங்களைச் சுற்றிக்கொண்டது. ஈர ரப்பரும் பெட்ரோலும் மணத்த இடத்தில், புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசம் மெல்ல ஏறியது. அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். திறந்து கிடக்கும் குழாய் காற்றை வீணாக்கும். பிரேக் இறுகும். அடைத்துவிட்டால் சரி. பாடம் அதுதான்.

நுனியில் ஒரு போல்ட்டைத் திருகிக் கிளிப்பை இறுக்கினாள். இருக்கையில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். பிரேக்கை மிதித்தாள்.

கல்.

முன்கண்ணாடி உள்பக்கமாக ஆவி பூத்து மங்கியது, ஆள் நிறைந்த வண்டிபோல. அவளுக்கு அடியில், தரைத் தகரத்தில், தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு. பிறகு அடுக்கடுக்காக. பிறகு தளர்ந்து.

குனிந்து போல்ட்டைப் பிடுங்கினாள். தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர் மூச்சை வாங்குவதுபோல நீளமாய் ஓர் இழுப்பு. பிரேக் மெத்தென்று இறங்கியது. நன்றாகப் பிடித்தது. போன வாரத்தைவிட, வாங்கிய நாளைவிட.

தவறு தன்னுடையதாக இருக்கும். மறுபடி அடைத்தாள். கல். தட்டல். திறந்தாள். இறங்கியது. மூன்றாம் முறை அடைத்தபோது தட்டல் இரண்டோடு நின்றது. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. அவள் அழுதுகொண்டே கிளிப்பைத் தளர்த்தினாள்.

நான்காம் முறை பார்க்கவில்லை.

எஞ்சினை நிறுத்தினாள். டோர்ச்சை அடித்தாள். காலையில் லுணுகலைக் கடையில் வாங்கிய புதுக் குழாய். நுனியில் எச்சில் ஈரம். மேலே நான்கு பள்ளம். கீழே நான்கு, மனிதப் பல் அகலத்தில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நுனி மெல்ல நசுங்கியது.

விட்டது.

நசுங்கியது.

வாசலுக்கு வெளியே, தூறலில் நின்றபடி, அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். எழுத்து கோணியது. வெட்டாமல் எழுதினாள்.

“மாலை 6.50. பிரேக் சரி. நாளை செய்யவேண்டியவை: காலை 4.30க்கு எஞ்சினைச் சூடாக்கவேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர். பத்தாவது குழாயை அடைக்கக்கூடாது. அண்ணியை ஜன்னல் ஓரம் ஏற்றவேண்டும். நடுவில் நான் உட்காரவேண்டும். பதுளைவரை அந்தக் குழாயை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.”