மூன்றாம் தொட்டியில் ஆள் இருக்கு

விஜிதரனுக்கு முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. மஸ்கெலியாவில் பிடித்த ஆட்டோக்காரன் பாதி மலையில் வண்டி இழுக்காது என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். மீதியைக் குறுக்குப் பாதையில் ஏறி, நரிப்பாறைத் தோட்டத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு அவன் வந்து சேர்ந்தபோது, பட்டப்பகலிலேயே பனி இறங்கிக் கூரைத் தகரத்தை விழுங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மிஷின் எதுவும் ஓடவில்லை. காவல்காரர் மாயாண்டி மட்டும் படியடியில் குந்தியிருந்தார்.

“மேல வர்றீங்களாண்ணே?”

“நீங்க போங்க தம்பி. நான் இங்கனயே இருக்கேன்.”

“ஏன், முட்டி வலியா?”

“முட்டி நல்லாத்தான் இருக்கு. மேலதான் நல்லா இல்ல.”

மேல்மாடியில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன். முன்பெல்லாம் அதைத் துடைக்க உள்ளே இறங்குகிறவர், சுவிட்ச் மேல் தன் துண்டைப் போட்டுவிட்டு இறங்குவார். துண்டு கிடந்தால் தோட்ட மேனேஜர் தொரையே வந்தாலும் சுவிட்சில் கை வைக்க மாட்டார். போன வருடம் ஹட்டன் ஆபீசிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக ஃபேனை ஓட்டும் ஏற்பாடு வந்தது. அதைப் பூட்டியவன் விஜிதரன். ஹட்டனில் உட்கார்ந்து அதை ஓட்டுகிற வேலையைத் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்த கூட்டாளி தனுஷனுக்கு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். ஹட்டனுக்குத் துண்டு தெரியாது. அதனால், இறங்குமுன் தனுஷனுக்கு ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று ஸ்டோரில் எல்லோருக்கும் சொல்லிவைத்தான்.

அழகுமுத்து அவனுக்குச் சொந்தத் தாய்மாமன். கம்ப்யூட்டரில் புது அப்டேட் விழுந்த அன்று, மூன்றாம் தொட்டியின் ஃபேனுக்குள் அவர் இருந்தபோது அது ஓடியது. கம்ப்யூட்டர் பதிவில் ஓட்டியவர் பெயர் விஜிதரனுடையது. அவனோ அந்த நேரம் கொட்டகலையில் பஸ்ஸுக்குள் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தான். ஆகவே அப்டேட்தான் தானாக ஓட்டிவிட்டது என்று விசாரணைக்கு வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். மாமா ஃபோன் போட்டாரா? போடவே இல்லை என்று தனுஷன் சத்தியம் செய்தான். மாமாவின் ஃபோனும் அவரோடு நொறுங்கிப் போயிருந்தது. அவருடைய கவனக்குறைவு என்று தொரை, மாமாவின் மனைவியான அத்தையின் முகத்துக்கு நேரே சொன்னார். அம்மாக்கண்ணு அத்தை அதன்பிறகு விஜிதரனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். “ஒன் மிஷின்தான்டா அவர தின்னுச்சு” என்பது அவள் கடைசியாகச் சொன்னது.

தனுஷன்தான் ஹட்டனில் ஒரே அறையில் பக்கத்திலேயே இருந்து தேற்றினான். தோளில் கை போட்டுக்கொண்டு அழுதான்கூட.

அந்த நாளிலிருந்து ஹட்டன் இணைப்பு சரியில்லை. உள்ளே நுழையும். ஃபேன்கள் திரையில் தெரியும். அப்புறம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

விஜிதரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். காய்ந்த கொழுந்தின் வாடை. அதனடியில் கிரீசும் வெற்றிலையும் கலந்த இன்னொரு வாடை. வயரைக் கழற்றி மாட்டினான். ரவுட்டரை அணைத்துப் போட்டான். அப்டேட் மாற்றிவைத்திருந்ததையெல்லாம் பழையபடி திருப்பினான். தன் லேப்டாப்பில், ஃபோன் டேட்டாவில், வெளியாள் போல உள்ளே வந்து பார்த்தான். தடங்கலே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாத் தொட்டியும் சொன்னபடி கேட்டன.

தனுஷனை வீடியோ காலில் பிடித்து, ஃபோனைத் திரையோரம் சாய்த்துவைத்தான்.

“இப்ப வாடா.”

தனுஷனின் பெயர் திரையில் வந்தது. அம்புக்குறி மூன்றாம் தொட்டி வரை நகர்ந்தது.

நின்றது.

“பாத்தியா மச்சான்? இதேதான். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுடா. சொன்னாக் கேளு.”

“அழிக்க வேணாம். எனக்கு நல்லா வருது. ஒனக்கு மட்டும்தான் நிக்கிது.”

“அப்ப என் பேர்லதான் கோளாறு. இரு, ஒன் பேர்ல வந்து பாக்குறேன்.”

விஜிதரன் வாய் திறக்குமுன் திரையில் அவன் பெயர் வந்துவிட்டது. அம்புக்குறி மறுபடி நகர்ந்தது. மூன்றாம் தொட்டியில் மறுபடி நின்றது.

பெயரில் ஒன்றுமில்லை. அந்தக் கையைத்தான் ஏதோ பிடித்து நிறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

“தனுஷா… என் பாஸ்வேர்டு ஒனக்கு எப்பிடிடா தெரியும்?”

விஜிதரன் ஃபோனைக் கையில் எடுத்தான்.

“யாருக்கும் நான் சொன்னதில்லையே.”

“நீ அடிக்கிறப்ப பாத்திருக்கேன் மச்சான்.” குரல் கீழே இறங்கியிருந்தது. “அன்னைக்கு அப்டேட்டுக்கப்புறம் கொஞ்ச நேரம் என் பேர் உள்ளயே போகல. டீமேக்கர் ஐயா ஸ்டோர்லேர்ந்து ஃபோன்ல கொழுந்து புளிச்சிரும்னு கத்துறாரு. ஒன் பேரப் போட்டேன்.”

“மாமா ஃபோன் போட்டாரா?”

தனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கேக்குறேன்ல?”

“போட்டாருடா. மூணாம் தொட்டில எறங்குறேன்யா, பாத்துக்கன்னாரு. சரிங்க மாமான்னேன். கத்துன கத்துல மறந்துபோச்சு.”

ஒரு மாதமாகத் தூக்கத்தில் தன் கைகளையே பார்த்து அலறி எழுந்தவன் விஜிதரன். அப்போதெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த கை தனுஷனுடையது. பழியில் பாதியைச் செத்தவர் தலையிலும், மீதியைக் கூட்டாளி தலையிலும் கட்டிவிட்டுக் கூடவே படுத்திருந்திருக்கிறான்.

“அத்தை கிட்ட வந்து சொல்லுடா.”

ஃபோனில் தனுஷனின் கண்கள் விரிந்தன.

“என்னடா?”

“படம் நின்னுபோச்சு மச்சான். நீ அசையாம இருக்க. வாய் தொறந்தபடி.”

“சிக்னல் இல்ல. அதுக்கென்ன?”

“ஒன் பின்னால நிக்கிறவர் மட்டும் அசையுறாரு.”

விஜிதரன் திரும்பவில்லை.

“துண்ட ஒதறுறாரு…” தனுஷன் முணுமுணுத்தான். “என்னையப் பாக்குறாருடா.”

பின்கழுத்தில் எதுவோ பொலபொலவென்று விழுந்தது. தொட்டுப் பார்த்தான். காய்ந்த கொழுந்துத் தூள். இளஞ்சூடாக இருந்தது.

ஃபோன் அணைந்தது.

அவன் எதையும் அழிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே அத்தையின் லயத்துக்குப் போனான். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். அத்தை அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள்.

“உள்ள வந்து ஒக்காரு. நீ சொன்னது போதாது. செஞ்சவன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்கு மட்டுமில்ல, அவருக்கும் பத்தாது.”

தனுஷன் வரவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு ராகலையில் ஒரு காய்கறிக் கம்பெனியில் சேர்ந்துகொண்டான். அங்கேயும் அவன் தொட்டால் இணைப்பு உள்ளே போகும், திரை வரும், பிறகு நின்றுவிடும். பக்கத்து மேசைப் பிள்ளை தொட்டால் ஓடும். அப்டேட் கோளாறு என்று அங்கேயும் சொல்லிவைத்திருக்கிறான். தினமும் காலையில் அவனுடைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பச்சை வாடையோடு தேயிலைத் தூள் கொட்டுகிறதாம். ராகலையில் அந்தக் கம்பெனி விற்பது கரட்டும் லீக்சும்தான்.

“உங்க வீட்டுக்காரர் எனக்கு ஃபோன் போட்டாருங்க, நான்தான் ஃபேன ஓட்டினேன்” என்று அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தையை, தனுஷன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.