எதிரே வந்த வெளிச்சம்

காலை மணி 6.50.

ஆற்றோரச் சாலைக்குக் கீழே, பள்ளத்தில், சாகின் மல்லாந்து கிடந்தார். மேலே சாலை விளிம்பில் அவருடைய கறுப்புக் குதிரை அசையாமல் நின்றது. அதன் நீளக் கயிறு சரிவில் இறங்கி அவருடைய இடது மணிக்கட்டில் முடிந்திருந்தது.

போலீஸ் கேப்டன் தாலாய்பெக் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு எழுந்து, காரணமில்லாமல் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

முந்தின நாள் மாலைதான் இந்த மனிதரிடம் பேசியிருந்தார். வட்டத் தலைமையிடத்தில் வேலை முடிந்து தன் ஊரான கோக்-சாய்க்குக் காரில் திரும்பும்போது, மணி ஏழரை. நன்றாக இருட்டிவிட்டது. கோடை மேய்ச்சல் முடிந்து சாகின் தன் பன்னிரண்டு குதிரைகளை ஊருக்கு ஓட்டியபடி, கறுப்புக் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடந்துகொண்டிருந்தார். சாலைப் பணியாளர்கள் போடும் மஞ்சள் மேல்சட்டை ஒன்று அவர் மேல் பளபளத்தது.

"என்ன சாகின் அண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி மின்னுறீங்க?"

"மக வாங்கி அனுப்பினது. லாரிக்காரன் கண்ணுல நான் படணுமாம். நீ வண்டியை உறும விடாம மெதுவா போ, குட்டி மிரளுது."

ஊருக்கு இன்னும் முக்கால் மணி நேர நடைதான். தாலாய்பெக் குதிரைகளைத் தாண்டிப் போனார். அடுத்த வளைவில், பாலத்துக்கு முன்னால், எதிரே ஒரு சிறிய கார் வந்தது. குதிரைகள் வருகின்றன, பார்த்துப் போ என்று அதற்கு இரண்டு முறை லைட் அடித்துக் காட்டிவிட்டு, சூடான சூப்பை நினைத்தபடி வீடு போய்ச் சேர்ந்தார்.

"கேப்டன்," என்று சார்ஜென்ட் எர்மெக் கூப்பிட்டான். "மேல கூட்டம் சேருது. லாரிக்கார ஜோல்தோஷைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க போலிருக்கு."

காலை மணி 7.15.

நிலக்கரி லாரி ஓரமாக நின்றது. அதன் கூரையில் வரிசையாக ஆறு விளக்குகள், ஒன்று உடைந்திருந்தது. லாரிக்குச் சொந்தக்காரனான ஜோல்தோஷ் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். உடலை முதலில் பார்த்துப் போலீசுக்குச் சொன்னவன் அவன்தான். அதுவே இப்போது அவனுக்கு வினையாகிவிட்டது.

"ஹை பீமை இறக்கவே மாட்டான் பாவி," என்றார் கூட்டத்தில் ஒருவர். "போன மாசம் இவன் லைட்டுல குதிரைங்க மிரண்டு ஆத்துல விழுந்துச்சு. சாகின் சாட்டையால ஒரு லைட்டை உடைச்சார். அந்தக் கோபம்."

"அடிச்சுப் போட்டுட்டு, காலையில யோக்கியன் மாதிரி வந்து கண்டுபிடிச்சானாம்."

தாலாய்பெக் ஜோல்தோஷைத் தனியே அழைத்துப் போனார்.

"நேத்து ராத்திரி இந்த வழியா வந்தியா?"

"வந்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு இருக்கும். டவுனுக்குப் போயிட்டிருந்தேன்."

"அவரைப் பார்த்தியா?"

"குதிரையைப் பார்த்தேன். இதே இடத்துல, இதே மாதிரி நின்னுச்சு. என் லைட்டு மொத்தமும் அது மேல விழுந்துச்சு, அப்பவும் நகரலை. நிறுத்தலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்." ஜோல்தோஷ் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நிறுத்தலை கேப்டன் அண்ணே. ஆஸ்பத்திரியில எனக்குப் பொண்ணு பிறந்திருந்தா. பத்து பத்துக்கு. சோனுன் அக்காதான் என் பொண்டாட்டியைத் தன் வண்டியில போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாங்க. எனக்கு வேற எதுவும் கண்ணுல படலை. காலையில திரும்பி வர்றேன், குதிரை அங்கேயே நிக்குது. அப்பதான் இறங்கினேன்."

"உன் பம்பர் நசுங்கியிருக்கே?"

"அது ஆகஸ்டுல. பசு மாடு."

"மத்தியானம் பன்னிரண்டுக்கு அரசு வக்கீல் வர்றார். அதுக்குள்ள எனக்கு வேற பேர் கிடைக்கலைன்னா உன்னை டவுன் லாக்கப்புக்கு அனுப்பச் சொல்வார்."

"பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கலை," என்றான் ஜோல்தோஷ்.

காலை மணி 7.40.

சார்ஜென்டின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள் சோனுன். கோக்-சாய் சுகாதார நிலையத்தின் ஒரே நர்ஸ். இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் முதலில் தொட்டவள் அவள்தான்.

"உங்க கார் எங்கக்கா?" என்று கேட்டார் தாலாய்பெக்.

"பேட்டரி போச்சு. ரெண்டு நாளா கிளம்பலை."

பள்ளத்தில் இறங்கினாள். உடலின் அருகே நெடுநேரம் மண்டியிட்டிருந்தாள். அந்த மணிக்கட்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலது கால் முட்டிக்குக் கீழே உடைஞ்சிருக்கு. இடுப்பும். தலையில அடி." எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அடிபட்ட உடனே போயிருக்கும்."

"நிச்சயமா?"

"எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதன் கீழே ஒரு கோடும் போட்டார்.

காலை மணி 8.30.

சாலையில் பிரேக் தடம் இருந்தது. ஆனால் அடிபட்ட இடத்துக்கு முன்னால் இல்லை, தாண்டித்தான் தொடங்கியது. அதுவும் நான்கைந்து அடிதான். சற்றுத் தள்ளி, சரளையில், முகப்பு விளக்கின் கண்ணாடிச் சில்லு ஒன்றை எர்மெக் கண்டெடுத்தான். அதில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது, முக்கோணமாக வெட்டிய டேப்.

தாலாய்பெக் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாகின் வீட்டுக்குப் போனார்.

வாசலில் துக்கத்துக்காகக் கம்பளிக் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே விதவை பூருல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒப்பாரி இன்னும் தொடங்கவில்லை.

"குதிரைங்க எத்தனை மணிக்கு வந்துச்சு அண்ணி?"

"எட்டரைக்கு. தானா வந்துச்சுங்க. இந்த மனுஷன் எவன் வீட்டுலயோ உக்காந்து குடிக்கிறார்னு நினைச்சேன். கோபத்துல கதவைத் தாழ் போட்டேன், தாலாய்பெக்." திரும்பி அவரைப் பார்த்தாள். "தாழ் போட்டுட்டுத் தூங்கினேன். அவருக்கு வலிச்சிருக்குமா?"

அவர் பதில் சொல்லவில்லை. நர்ஸின் சான்றைப் படித்துக் காட்டியிருக்கலாம். மணிக்கட்டிலிருந்த முடிச்சு அவரைத் தடுத்தது.

காலை மணி 10.20.

சோனுனின் வீட்டுக் கொல்லையில் அந்தச் சிறிய வெள்ளைக் கார் நின்றது. வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்த ஜப்பான் கார். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வண்டிகள் அப்படித்தான். அதன் முகம் வைக்கோல் போருக்குள் புதைந்திருந்தது.

சோனுன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடிக்காத தேநீர் ஆறிக் கிடந்தது.

"சாவியைக் கொடுங்கக்கா," என்றார் தாலாய்பெக்.

கொடுத்தாள். எர்மெக் உட்கார்ந்து திருகினான். ஒரே திருகில் இன்ஜின் கிளம்பியது. பின்னால் எடுத்தான். வைக்கோல் சரிந்தது. இடது விளக்கின் மேல் முக்கோணக் கறுப்பு டேப். வலது விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை.

"ரெண்டு நாளா கிளம்பாத வண்டி நேத்து ராத்திரி ஜோல்தோஷ் பொண்டாட்டியை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோச்சு?"

சோனுன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"எல்லாரும் ஹை பீம், ஹை பீம்னு கத்துறாங்க," என்றார் அவர். "ஹை பீம் போட்டவன் கால் கிலோமீட்டர்லயே அந்த மஞ்சள் சட்டையைப் பார்த்திருப்பான். இது எதையும் பார்க்காத வண்டி, இடிச்ச பிறகுதான் பிரேக் போட்டிருக்கு. லோ பீம்ல வந்த வண்டி. லாரி பம்பர் நெஞ்சுக்கு வரும், அவருக்கு உடைஞ்சது முட்டிக்குக் கீழே. தாழ்ந்த வண்டி. இந்த ஜப்பான் விளக்கு டிம்ல இடது ஓரத்துக்குத்தான் வெளிச்சம் காட்டும், நாம வலது பக்கம் போறவங்க. அது எதிரே வர்றவன் கண்ணைக் குத்துதுன்னு அந்த மூலையை டேப் போட்டு மறைக்கிறோம். மிச்சம் என்ன இருக்கு? வலது ஓரம் குருட்டு இருட்டு. அவர் நின்னது வலது ஓரம்."

"பள்ளத்தாக்குல இந்த வண்டி முப்பது இருக்கு கேப்டன்," என்றான் எர்மெக். அவனுக்கு நம்ப மனமில்லை. அவனும் இவள் கையில் பிறந்தவன்.

"இருக்கு. ஆனா அந்த முடிச்சைப் பார்த்தியா? மேய்ச்சல்ல வெட்டவெளியில படுக்கும்போது குதிரை போயிடக் கூடாதுன்னு போடுற முடிச்சு. நடக்குறவன் கயிறைக் கையில பிடிப்பான், கட்டிக்க மாட்டான். விழுந்த பிறகு கட்டியிருக்கார். குதிரை நின்னா யாராவது நிறுத்துவாங்கன்னு கட்டியிருக்கார். அதுக்கு நேரம் வேணும், உயிர் வேணும். மலைக்காரி நீங்க, அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துட்டு 'உடனே போயிருக்கும்'னு எழுதச் சொன்னீங்க. தப்பாச் சொல்ற நர்ஸ் இல்லை நீங்க. ஏன் சொன்னீங்க?"

சோனுன் ஆறிய தேநீரைத் தரையில் ஊற்றினாள்.

"பூருல் கேப்பா, வலிச்சுதான்னு. அவளுக்காகத்தான் சொன்னேன்னு காலையிலேருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். பொய். எனக்காகச் சொன்னேன்."

"இறங்கிப் பார்க்கலையா அக்கா?" என்று கேட்டான் எர்மெக்.

"வண்டியை நிறுத்தினேன்டா. குதிரைங்க ஓடிச்சு. குதிரையைத்தான் இடிச்சேன்னு நினைச்சேன். பின் சீட்டுல அவ கத்துறா, பிள்ளை குறுக்கே கிடக்கு. காலையில குதிரைக்காரனுக்குப் பணம் கொடுத்துக்கலாம்னு போயிட்டேன். ஒத்தை விளக்கோட மாட்டிக்கக் கூடாதுன்னு ராத்திரி பழைய மலைப்பாதையில திரும்பினேன். நீ வந்து சாகின்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஜோல்தோஷை இழுத்துட்டுப் போகப் பார்த்தாங்களே," என்றார் தாலாய்பெக்.

"பன்னிரண்டு மணிக்குள்ள வந்து சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களா?"

அவள் வைக்கோல் போரைப் பார்த்தாள். அதிலேயே பதில் இருந்தது.

தாலாய்பெக் குறிப்பேட்டைத் திருப்பினார். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"பிரசவ வலியில ஒருத்தியை வச்சுக்கிட்டு, காலியான சாலையில, ஏன் ஹை பீமை இறக்கினீங்க? பிரேக் தடத்தைப் பார்த்தா மெதுவாத்தான் வந்திருக்கீங்க. ஏன்?"

"முதல்ல ஹை பீம்லதான் வந்தேன், தொண்ணூறுல. எதிரே ஒரு வண்டி ரெண்டு தடவை லைட் அடிச்சுச்சு. நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்? முன்னால போலீஸ். போன வாரம்தான் இந்த டேப்புக்காக என்னை ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சாங்க. நேத்து அப்படி நிறுத்தியிருந்தா பிள்ளை வண்டியிலேயே செத்திருக்கும். அதான் டிம் பண்ணினேன், ஐம்பதுக்கு இறங்கினேன். போலீஸ் வழக்கமா ஒளிஞ்சு நிக்கிற இடது பக்கமே பார்த்துக்கிட்டு வந்தேன்."

தாலாய்பெக்கின் பேனா நின்றது.

"மணி என்ன?"

"ஏழு நாற்பது. அவளுக்கு வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்."

"எங்கே?"

"பாலம் தாண்டி, முதல் வளைவுல."

கொல்லையில் எங்கோ ஒரு கோழி கேறியது. இந்தச் சாலையில் லைட் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது தாலாய்பெக்குக்குத் தெரியாததல்ல. பதினெட்டு வருடங்களாக அந்த இரண்டு மின்னல்கள் அவருடைய ஆட்களிடமிருந்து எத்தனையோ பேரைத் தப்ப வைத்திருக்கின்றன. அதற்காக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். நேற்று சூப்பை நினைத்துக்கொண்டிருந்த ஒரு நொடியில் அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

மத்தியானம் மணி 12.05.

ஜோல்தோஷின் லாரி டவுன் பக்கம் கிளம்பியது. கூடாரத்திலிருந்து பூருலின் ஒப்பாரி தொடங்கியிருந்தது. அரசு வக்கீலின் கார் தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது.

போலீஸ் நிலையத்தில் எர்மெக் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

"எல்லாம் முடிஞ்சுது கேப்டன். ஒரு கட்டம்தான் காலி. 'எதிரே வந்த வாகனத்தின் ஓட்டுநர்'. அடையாளம் தெரியவில்லைன்னு போட்டுடவா? அந்த நேரத்துல எவன் போனான்னு யாருக்குத் தெரியும்?"

தாலாய்பெக் தட்டச்சுப் பொறியைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டே விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, தன் முழுப்பெயரையும் பதவியையும் அந்தக் கட்டத்தில் அடித்தார்.

எர்மெக் குனிந்து படித்தான்.

"பூருல் அண்ணி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்," என்று தாலாய்பெக் எழுந்தார். "வக்கீல் கேட்டா உட்காரச் சொல்லு. அண்ணி என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. காலையில நான் பதில் சொல்லலை."