முகத்தில் மட்டும் நீலம்

அட்டை சரியாகத்தான் இருந்தது. யாரைப் படம் எடுத்தாலும் முதலில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடிக்கச் சொல்வது ஸ்டூடியோக்காரியின் வழக்கம். அந்தச் சாம்பலைக் கணினியில் தொட்டுக் காட்டினால் போதும். வெள்ளை வெள்ளையாகும், மற்ற நிறங்களும் ஒழுங்காக வந்து உட்காரும். இன்றும் சுவர் வெள்ளை, தங்கையின் சட்டை அசல் மஞ்சள். முகம் மட்டும் நீலம்.

“ஏன்க்கா, ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு இவ்வளவு நேரமா?”

“வாயை மூடிட்டு நேரா உக்காருடி.”

அதட்டினாளே தவிர, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அப்பாவைக் கடைசியாக எடுத்த படத்திலும் இதே நீலம். அன்று கேமராவைத்தான் திட்டினாள். மூன்றாம் நாள் அப்பா போய்ச் சேர்ந்தார்.

பக்கத்தில் நீலமாக எது இருந்தாலும் அந்த நிறம் முகத்தில் அடிக்கும். அப்படியென்றால் அறையில் ஏதோ இருக்கிறது. நீலத் திரைச்சீலையைக் கழற்றினாள், நீல பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி வெளியே வைத்தாள். மத்தியான வெயில் தரையில் கிடந்தது, மின்விசிறி கடகடத்தது, சூடேறிய விளக்கின் புழுதி வாசனைக்கு அடியில் எங்கிருந்தோ ஈரமண் வாசனை வந்தது. மறுபடி எடுத்தாள். நீலம் கூடியிருந்தது.

நீலத்தைக் குறைக்க, கணினியில் நிறத்தின் சூட்டை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். சுவர் ஆரஞ்சானது. முகத்தில் உயிர்க்களை வந்தது.

படத்தில் தங்கையின் தோளில் நான்கு விரல்கள். நீலமாகவே.

தங்கை தோளைத் தேய்த்துக்கொண்டாள். “இங்க மட்டும் சில்லுனு இருக்குக்கா.”

அக்காவுக்குக் கோபம் பொங்கியது. அப்பாவைத்தான் கோட்டை விட்டாள். இவளை விடமாட்டாள்.

“எந்திரி. நான் உக்கார்றேன், நீ எடு.”

“உனக்கு எதுக்கு பாஸ்போர்ட்?”

“சொன்னதைச் செய்டி!”

கையைப் பிடித்து இழுத்து விட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். “தைரியம் இருந்தா எங்கிட்ட வா,” என்று பல்லைக் கடித்தாள்.

கிளிக்.

எதிரே இருந்த திரையில் படம் வந்தது. நிமிர்ந்த தாடையோடு அவள் முகம். நீலம். தோளில் இரண்டு கைகள். காதோரம் இன்னொரு முகம். அதன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தன.

அவள் தன் தோள்மேல் கையை வீசினாள். ஈரமாக ஏதோ அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்தாள்.

“ஓடுடி!”

அது திமிறியது. அவள் விடவில்லை. அவள் விரல் நுனிகள் நீலமாயின. பிறகு மணிக்கட்டு.