ஆலாவில் எத்தனை பீரங்கி?

கரம்பொன் என்ற தீவுக் கிராமத்தில் இருந்த மனோகரிக்குப் பதினொரு வயது. அவளுக்குச் சொந்தமாக ஒரு கடற்படை இருந்தது.

கடற்படை முழுவதும் ஒரு நீலக் கொப்பிக்குள் அடங்கியிருந்தது. முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'ஏழுதீவுக் கடற்படை – பரம இரகசியம்' என்று பெரிதாக எழுதியிருந்தாள்.

எல்லாம் ஒரு சரித்திர பாடத்தில் தொடங்கியது. போர்த்துக்கீசர் கப்பலில் வந்து இராச்சியத்தைப் பிடித்த கதையை ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வாங்கில் இருந்த குருசுமுத்து மெல்லக் குனிந்து, அவர்கள் தோற்றுத் திரும்பிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டான். நெடுந்தீவுப் பையன் அவன். மாமி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் கேட்ட கேள்வி மனோகரியை விடவில்லை. பாடம் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டார்கள். அவர்களுடைய கடலில் இருந்த ஏழு தீவுகளும் சேர்ந்த நாடு. அதற்கு ஒரு கொடி, ஒரு முத்திரை, ஒரு கடற்படை. நாட்டுக்கு ராசா வேண்டுமா என்பதில் மட்டும் சண்டை வந்தது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அது எண்பத்தாறாம் ஆண்டு, போர்க்காலம். வானத்தில் குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், ஓடவேண்டும். அந்த இருட்டுக் குழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்த ஒரு நாள்தான், தங்கள் நாட்டின் முதல் கப்பல் எது என்று மனோகரி முடிவுசெய்தாள். விமானங்களைத் துரத்துகிற கப்பல். பள்ளி நூலகத்தில் இருந்த பழைய கப்பல் புத்தகத்தில் அந்த மாதிரிக் கப்பலுக்கு 'லைட் குரூசர்' என்று பெயர் போட்டிருந்தது. இவர்கள் அதற்கு 'ஆலா' என்று கடற்பறவையின் பெயரை வைத்தார்கள்.

கப்பல் படம் கீறுவது லேசான வேலையாக இருக்கவில்லை. தீவுகளைச் சுற்றியுள்ள கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல் தரை தட்டிவிடும். சிறிய கப்பலில் பீரங்கிகளை ஏற்றினால் பாரம் மேலே கூடிக் கவிழ்ந்துவிடும். முருக்க மரத்தில் செதுக்கி, களிமண் பீரங்கி வைத்து, குளத்தில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவை ஆலா தலைகீழாகப் புரண்டது. மூன்று மாதம் கீறிக் கீறி அழித்து, கடைசியில் ஒரு பெரிய கடதாசியில் முழுப் படமும் வந்தது.

ஓகஸ்ட் விடுமுறைக்குக் குருசுமுத்து ஊருக்குப் போய்விட்டான். நெடுந்தீவில் மனோகரியின் சித்தியும் இருந்தார். விடுமுறையில் அவரிடம் போகும்போது கப்பல் படத்தையும் கொண்டுபோவதாக மனோகரி அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போனது அண்ணன் அரியநாயகம். அவனுக்குப் பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டான்.

குறிகட்டுவானில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இறங்குதுறையில் நெடுந்தீவுக்குப் போகும் லோஞ்ச் படகு தயாராக நின்றது. ஆனால் அன்றைக்கு நேவிக்காரர்கள் வந்து எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கைக்குழந்தைகூட அழாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணனின் முறை வந்தது. ஒரு கடற்படைச் சிப்பாய் அவனுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பையைத் திறந்தான். இரண்டு சேட்டு, ஒரு சாரம், ஒரு துவாய். அடியில் ஒரு நீலக் கொப்பி.

பெண்கள் வரிசையில் நின்ற மனோகரி அதைக் கண்டாள்.

காலையில் அவள்தான் அதை அங்கே வைத்தாள். அவளுடைய பையில் சித்திக்கு அம்மா கொடுத்துவிட்ட நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. எண்ணெய் ஊறிக் கப்பல் கெட்டுப்போகும் என்று பயந்து, சேட்டுகளுக்குக் கீழே கொப்பியைச் செருகினாள். அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

சிப்பாய் கொப்பியை உதறினான். மடித்த கடதாசி கீழே விழுந்தது. அதை விரித்துப் பார்த்தவன் உடனே யாரையோ கூப்பிட்டான். மெலிந்த, உயரமான அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. லோஞ்சில் ரிக்கற் சீட்டுக் கிழிக்கும் மயில்வாகனத்தாருக்குச் சிங்களம் தெரியும் என்பதால் அவரைக் கூப்பிட்டு, கொப்பியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார்கள்.

மயில்வாகனத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். 'ஏழுதீவுக் கடற்படை' என்பதைப் படித்தார். 'பரம இரகசியம்' என்ற இடத்தில் அவருடைய குரல் உள்ளே போய்விட்டது.

இதை யார் கீறியது என்று அதிகாரி கேட்டார்.

அரியநாயகம் கடதாசியைப் பார்த்தான். தங்கையின் குண்டு குண்டு எழுத்து அவனுக்குத் தெரியாததா? ஒரு கணம் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பினான். பிறகு பார்வையை எடுத்துவிட்டான்.

"நான்தான் கீறினனான்," என்றான்.

மனோகரிக்கு எல்லாம் விளங்கியது. அவளை அவர்கள் ஒன்றும் கேட்கக்கூடாது என்பதற்காக அண்ணன் பொய் சொல்கிறான். அவள் வாய் திறக்காவிட்டால் அண்ணனைக் கொண்டுபோய்விடுவார்கள். ஏற்கெனவே இரண்டு சிப்பாய்கள் அவனுக்கு இரு பக்கமும் வந்து நின்றுவிட்டார்கள்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். பின்னால் நின்ற பெண் சட்டையைப் பிடித்து இழுத்தார். மனோகரி சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

"அது என்ரை கொப்பி. கப்பல் கீறினது நான். அண்ணைக்கு ஒண்டும் தெரியாது," என்றாள்.

"அவள் சின்னப் பிள்ளை. என்னைக் காப்பாத்தச் சொல்லுறாள்," என்றான் அரியநாயகம் அவசரமாக.

மயில்வாகனத்தார் இரண்டையும் மொழிபெயர்த்தார். அதிகாரி சிறுமியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இத்தனை கோடும் அளவும் உள்ள படத்தை இந்தப் பிள்ளை கீறியிருக்கமுடியாது என்று சொன்னாராம். அரியநாயகத்தின் தோளில் ஒரு சிப்பாய் கை வைத்தான்.

அழுதால் ஒன்றும் நடக்காது என்று மனோகரிக்குப் பட்டது. குருசுமுத்துவும் அவளும் கப்பலைப் பற்றிச் சண்டை பிடிக்கும்போது, யாருக்குக் கூடத் தெரியும் என்று ஒருவரையொருவர் கேள்வி கேட்பார்கள். அப்படிக் கேட்டால் என்ன?

"ஐயாட்டைச் சொல்லுங்கோ," என்றாள் மயில்வாகனத்தாரிடம். "படத்தை மூடி வைச்சிட்டு, எங்கள் ரெண்டு பேரையும் தனித்தனியக் கேக்கட்டும். கீறின ஆளுக்குத்தானே கப்பலைப் பற்றித் தெரியும்?"

அதிகாரி அதற்குச் சம்மதித்தார். கடதாசியை மடித்தார். அவளைத் தூரத்தில் இருந்த கம்பத்தடியில் போய் நிற்கச் சொன்னார்கள்.

அங்கிருந்து அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்சம் பேசினான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். லோஞ்சின் இயந்திரம் டப டப என்று ஓடத் தொடங்கியது.

அவளைக் கூப்பிட்டார்கள்.

"கப்பலிலை எத்தினை பீரங்கி எண்டு கேக்கிறார், பிள்ளை," என்றார் மயில்வாகனத்தார்.

"ஆறு."

மயில்வாகனத்தாரின் முகம் கறுத்தது. அதிகாரி கடதாசியை விரித்து, மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோல் கீறியிருந்த கப்பலின் மேல் விரலை வைத்து எண்ணினார். எட்டு வட்டங்கள். எல்லாம் ஒரே அளவு.

"கொண்ணரும் எட்டெண்டுதானே சொன்னவர்," என்றார் மயில்வாகனத்தார் மெதுவாக.

மனோகரிக்குக் காரணம் விளங்கியது. சிப்பாய் படத்தை விரித்தபோது அண்ணன் அதைப் பார்த்து எண்ணியிருக்கிறான். இப்போது பொய் சரியாகவும் உண்மை பிழையாகவும் நின்றன.

அவள் எட்டி, கப்பலின் நடுவில் இருந்த இரண்டு வட்டங்களைத் தொட்டாள்.

"இது ரெண்டும் பீரங்கி இல்லை. முதல் எட்டுத்தான் வைச்சனாங்கள். படம் கீறினாப் பிறகும் கப்பல் கவிண்டு போச்சுது. ரெண்டைக் குறைச்சால்தான் நிண்டுது. ஆனால் சோடா மூடியை வைச்சுப் பேனையாலை கீறினபடியால் அழிக்க ஏலாது, கடதாசி கிழிஞ்சு போடும். அதாலை ரெண்டையும் குசினி ஆக்கினாங்கள். ஒண்டு புட்டுப் பானை, மற்றது சோத்துப் பானை. பின்பக்கம் எழுதியிருக்கு."

மயில்வாகனத்தார் கடதாசியைத் திருப்பினார். ஒன்று முதல் ஆறு வரை விமானத்தைச் சுடும் பீரங்கி. ஏழு, புட்டுப் பானை. எட்டு, சோற்றுப் பானை. ஒன்பதாவதாக, பால் கறக்க இரண்டு பசு. அவர் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னார். பசுவுக்கு வந்தபோது ஒரு சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதிகாரி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டார். மயில்வாகனத்தார் அதைச் சொல்லத் தயங்கினார்.

"விமானத்தை ஏன் சுடவேணும் எண்டு கேக்கிறார்."

மனோகரி அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"விழுத்திறதுக்கு இல்லை. மேலை வெடிச்சால் விமானம் கிட்ட வராமல் திரும்பிப் போயிடும். பிறகு நாங்கள் பங்கருக்குள்ளை ஓடத் தேவையில்லை. பீரங்கி எல்லாம் மேலைதான் பாக்கும். கீழை திருப்ப ஏலாது. சுத்திவர மீன் பிடிக்கிற வள்ளங்கள் நிக்கும், அதுகளுக்குப் படக்கூடாது."

மயில்வாகனத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் பேசினார். அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். என்ன சேர்த்தார், என்ன விட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

அதிகாரி நெடுநேரம் படத்தைப் பார்த்தார். பாய்மரம்போல் நடுவில் உயர்ந்து நின்ற கம்பத்தை விரலால் தட்டி ஏதோ சொன்னார். பிறகு கடதாசியை நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடையாள அட்டையை அரியநாயகத்திடம் நீட்டினார். கொப்பியை மனோகரியிடம் கொடுத்தார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

லோஞ்ச் புறப்பட்டது. கரை சிறிதாகும் வரை அரியநாயகம் தங்கையின் கையை விடவில்லை.

"ஏன்டி என்னைப் பொய்யன் ஆக்கினனி?" என்றான் கடைசியில்.

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அண்ணை. பசு எங்கை நிக்குது எண்டு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

"பசுவே இல்லை எண்டிருப்பன்."

சொல்லிவிட்டு அவன் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்றான். மனோகரி அவனோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். கொப்பியை வைத்ததைச் சொல்லாமல் விட்டது தன் பிழை என்று சிறிது நேரம் கழித்துச் சொன்னாள். அவன் அவளுடைய பின்னலை லேசாக இழுத்துவிட்டான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

நெடுந்தீவு இறங்குதுறையில் குருசுமுத்து காத்துநின்றான். நடந்ததை எல்லாம் கேட்டபோது அவனுடைய முகம் வெளிறிப்போயிற்று. மூன்று மாத வேலை போய்விட்டதே என்று அழப்போகிறான் என்று மனோகரி நினைத்தாள்.

"கடதாசி போனால் போகட்டும். அண்ணை வந்திட்டார்தானே," என்றான் அவன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்ததுபோல், "அந்த நேவிக்காரர் கம்பத்தைத் தட்டி என்ன சொன்னவராம்?" என்று கேட்டான்.

"கூட உயரமாம். காத்துக்குச் சரிச்சுப் போடுமாம். மயில்வாகனத்தார் ஏறேக்கை சொன்னவர்."

குருசுமுத்துவுக்குக் கோபம் வந்தது. நடந்து சித்தி வீடு போய்ச் சேரும்வரை கம்பம் சரியான உயரம்தான் என்று வாதாடினான். வீட்டுக்கு வந்ததும் தானே கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

பின்னேரம் மேசையில் புதிய கடதாசி ஒன்றை விரித்தார்கள். காற்றில் அது எழும்பி எழும்பி அடித்தது. அரியநாயகம் சேட்டுக் கையை மடித்துவிட்டு வந்து குனிந்து, அடிமட்டத்தின் இரண்டு முனையையும் ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

மனோகரி பென்சிலைக் கூராக்கி, முதல் கோட்டை நீளமாக, நேராக இழுத்தாள்.