அடுத்து வருகிறவருக்கு விறகு

குடிலுக்கு வெளியே, கூரைச் சரிவின் கீழே, இரண்டு வரிசை விறகு அடுக்கியிருந்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்த மேட்டுவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லைத் தவிர ஒரு மரம் கிடையாது.

மலைப்பாதையில் நடந்து வருகிறவர்கள் ஒதுங்கத்தான் அந்தக் கல் குடில். வாடகை இல்லை, காவலாள் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. குளிரில் வருகிறவர் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அதைக் கழற்றிப் போட்டதே குடிலைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியம்மாதான். இருக்கிற விதி ஒன்றே ஒன்று: எரித்துவிட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு விறகு வைத்துவிட்டுப் போக வேண்டும். மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் ஏறி வந்து, கூரைத் தகரத்தின் ஆணிகளை முடுக்கி, புகைபோக்கியில் கரி தட்டி, எலிப் புழுக்கை கூட்டிவிட்டு இறங்குவாள். கூலி கிடையாது, 'மேஸ்திரியம்மா' என்று ஊரார் வைத்த பெயர்தான் மிச்சம். எப்போதும் கூட வருகிற புருஷன், ஓய்வுபெற்ற தபால்காரர், இந்த முறை காலில் மாவுக்கட்டோடு வீட்டில் தனியாகக் கட்டிலில் கிடந்தார்.

கரி தட்டி முடித்ததும், சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி அவருக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ போட்ட உப்புக்குள்ள கொஞ்சம் சோறும் இருந்துச்சு."

"வாய்க்கும் சேத்து மாவுக்கட்டு போடச் சொல்லியிருக்கணும்."

அவர் சிரித்தார். "இரும்மா, வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க. மேல குடிலுக்குப் போற ஆளாம். அங்க வைக்க விறகு வேணுமாம்."

"பாவம். வேணுங்கிறத எடுத்துக்கச் சொல்லுங்க."

அவர் அதை அப்படியே உரக்கச் சொல்வது காதில் விழுந்தது.

பாறையிலிருந்து இறங்கிக் குடிலுக்கு வருவதற்குள் மூடுபனி புல்வெளியை விழுங்கிவிட்டது. எங்கோ ஈரக் கம்பளி நாற்றம். அதனூடே, அந்த வெட்டவெளியில் வரவே கூடாத புது மரத்தூள் வாசனை. விறகு இப்போது மூன்று வரிசை இருந்தது. மேல் வரிசையில் பச்சைப் பெயிண்ட். அவள் கையாலே அடித்த பெயிண்ட், அவள் வீட்டு நிலைக்கதவுக்கு. ஒரு துண்டில் பென்சில் கோடுகள், பக்கத்தில் தபால்காரரின் முத்து முத்தான கையெழுத்து: மகளுக்கு ஐந்து வயது. ஆறு வயது. ஏழு.

போன் பேசிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழ் வரிசைகளை இப்போதுதான் உற்றுப் பார்த்தாள். நாற்காலிக் கைகள். தொட்டில் கம்பிகள். யார் வீட்டுடையவையோ.

பாறைக்கு ஓடினாள். மணி அடித்தது. எடுத்தார்கள். பேசவில்லை. ரம்பம் அறுக்கிற சத்தம் மட்டும், நிதானமாக, ஒரே சீராக.

"என்னங்க?"

ரம்பம் நின்றது. யாரோ காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது. பிறகு, போனுக்கு இன்னும் பக்கத்தில், மறுபடி அறுக்கத் தொடங்கியது.

பாதையைத் தேடினாள். நீட்டிய கை தெரியவில்லை. ஓரடி தப்பினால் பள்ளம். தவழ்ந்து தவழ்ந்து அவள் வந்து முட்டியது குடிலின் சுவரில்தான். பக்கத்தில் நான்காவது வரிசை தொடங்கியிருந்தது. கட்டில் கால்கள். நான்கு.

உள்ளே போய்க் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். மூன்று மணி நேரத் தூரம். எழுந்து நடக்க முடியாத மனுஷன். 'எடுத்துக்கச் சொல்லுங்க' என்று சொன்னதும் அவள் வாய்தான்.

புல்லில் காலடி. பாரத்தோடு.

சுவருக்கு அந்தப் பக்கம் சுமை இறங்கியது.

ஒரு கட்டை. டக்.

இன்னொன்று. டக்.

அவசரமே இல்லை.

அடுத்தது விழுந்தபோது மரத்தின் சத்தம் வரவில்லை.

வைத்த கை அதை மெல்லத் தட்டித் தட்டி, வரிசையோடு ஒட்டினாற்போல் சரிசெய்தது.